இருபதாவது ஆளின் மணிக்கணக்கு

நடந்தவை, வரிசையாக:

1. பெண்களுக்கான வெல்டிங் குறுகிய காலப் பயிற்சிக்குப் பாடத்திட்டம் எழுத ஒரு குழு அமைத்தார்கள். மொத்தம் நானூறு மணி நேரம் என்று மேலிடத்தில் முன்பே முடிவாகியிருந்தது.

2. தலைக்கு மேலே இருக்கும் தகட்டில் வெல்டிங் செய்யும் பயிற்சிக்கு மட்டும் தொண்ணூற்றாறு மணி நேரம் வேண்டும் என்று குழுவில் இருந்த வெல்டிங் பயிற்றுநர் எழுதிக் கொடுத்தார்.

3. குழு நாற்பது கொடுத்தது. மீதி ஐம்பத்தாறு மணி, ‘சுயபயிற்சி’ என்ற தனிக் கட்டத்துக்குப் போனது. அந்தக் கட்டம் மொத்தக் கணக்கில் சேராது.

4. சுயபயிற்சி நேரத்தில் பட்டறை திறந்திருக்க வேண்டும், பயிற்றுநர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று அட்டவணைக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு சேர்க்கப்பட்டது. அதைப் படித்த பிறகே அவர் கையெழுத்துப் போட்டார்.

5. அச்சான புத்தகத்தில் அந்த அடிக்குறிப்பு இல்லை.

6. அவர் சனிக்கிழமைகளில் பட்டறையைத் திறந்தார்.

7. ஆறாவது சனிக்கிழமை ஒரு பெண்ணின் கண்ணில் வெல்டிங் அடித்தது.

8. விசாரணை நடந்தது.

எட்டு வரிகளில் அடங்கிவிடுகிறது. எழுதிப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அவரை மட்டும் காணவில்லை.

தில்லை நகரில் ஒரு பல் மருத்துவமனையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மெக்கானிக்கல் படித்துவிட்டு அங்கே பாடத்திட்ட உதவியாளராகச் சேர்ந்து எனக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்வதை அட்டவணையாக மாற்றுவது என் வேலை: பயிற்சி, கருவி, மணி நேரம், மதிப்பீடு. அவர் பெண்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் பயிற்றுநர். நாற்பதைத் தாண்டியவர். குழுவில் ஆறு பேர் இருந்தார்கள். வெல்டிங் ஹோல்டரைக் கையில் பிடித்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு முன்கைகளிலும் பொறி பட்ட வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. வளையலுக்கு மேலே அரிசி தூவியதுபோல் தெரியும்.

முதல் கூட்டத்துக்கு ஒரு ஜவுளிக்கடைப் பையோடு வந்தார். உள்ளே அட்டைகள். வெல்டிங் ராடு வரும் பெட்டிகளைப் பிரித்து வெட்டியவை. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பயிற்சியின் பெயர், அதன் கீழே ஒன்றிலிருந்து இருபது வரை வரிசை எண், ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அந்தப் பெண் அதை ஒழுங்காகச் செய்து முடிக்க எடுத்துக்கொண்ட நேரம். எல்லா அட்டையிலும் ஏதோ ஒரு எண்ணைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பயிற்சி நிலைய முதல்வர். கெட்டவர் அல்ல. கூட்டம் ஒரு மணிக்குள் முடிந்து சாப்பாட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்குப் பிடிவாதம் எதுவும் இல்லை.

“என்ன மேடம், பழைய பேப்பர் கடைக்குப் போற வழியில இப்படி வந்தீங்களா?” என்றார் தலைவர்.

எல்லோரும் சிரித்தோம். மேடமும் சிரித்தார்.

“நாலு பேட்ச் பிள்ளைங்க இதுல இருக்காங்க சார். கடையில போட்டா ஒரு டீ கூட தேறாது.”

“சரி, ஓவர்ஹெட் வெல்டிங்குக்கு ஆவரேஜா எவ்வளவு மணி ஆகும்? அதை மட்டும் சொல்லுங்க.”

“ஆவரேஜ்னு ஒரு பிள்ளை என்கிட்ட சேரலைங்க சார். இருபது பேர் சேந்தாங்க. இருபதாவது ஆள் முடிக்க தொண்ணூத்தாறு மணி ஆச்சு.”

அவ்வளவுதான் அவர். ஒரு வகுப்பில் கடைசியாக முடிப்பவள் யாரோ அவளுக்கு ஆகும் நேரம்தான் அந்தப் பயிற்சியின் நேரம். வேறு எந்தக் கணக்கையும் அவர் ஏற்கமாட்டார். சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது அவளுடைய எண்தான்.

சில பயிற்சிகளுக்கு ஏழு மணி நாற்பது நிமிடம் என்றெல்லாம் எழுதியிருந்தார். எங்கள் படிவம் முழு எண்ணை மட்டுமே வாங்கும் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப எட்டுன்னு போடும்மா. ஏழுன்னு மட்டும் போட்டுடாத. அந்த நாப்பது நிமிஷம் யாரோ ஒருத்தியோடது.”

எட்டு என்று போட்டேன். மற்ற இடங்களில் குறைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் ஸ்ரீரங்கம்தான். கூட்டம் உள்ள நாட்களில் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். பஸ்ஸில் ஏறும்போதும் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து, கம்பியைப் பிடித்தபடி நிற்பார். அப்படி நின்றால் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. தூரத்தில் யாராவது மூட்டையோடு, அல்லது முழங்கால் வலியோடு, இந்த பஸ்ஸைப் பார்த்து வந்துகொண்டிருப்பார்கள்.

“ஏறுங்கம்மா, டைம் ஆச்சு” என்பார் கண்டக்டர்.

“இன்னும் ஒரு ஆள் இருக்காங்க.”

“அவங்க நடந்து வர்றதுக்குள்ள நான் ஸ்ரீரங்கம் போய்த் திரும்பியே வந்துடுவேன்.”

“அப்ப திரும்பி வரும்போது எங்க ரெண்டு பேரையும் ஏத்திக்குங்க.”

உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். மூட்டைக்கார அம்மா ஏறி உட்கார்ந்த பிறகு இவர் ஏறுவார். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். திரும்பியும் பார்க்கமாட்டார்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறிய பிறகு சொன்னார்.

“கடைசியா இருக்கற பிள்ளை எப்பவும் வாசல் பக்கத்துலதான் நிக்கும், பாத்திருக்கியா? அது போயிட்டா நமக்குத் தெரியவே தெரியாது. பதிவேட்டுல கோடு போட்டுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுவோம்.”

அவரோடு எல்லோரும் ஒத்துப்போனார்கள் என்று சொல்லமாட்டேன். எனக்கே சில சமயம் எரிச்சல் வரும். நன்றாகச் செய்யும் ஒரு பெண்ணின் அப்பா பயிற்சி நிலையத்துக்கு வந்து சண்டை போட்டார்.

“அந்த ஒருத்திக்காக என் பொண்ணை உக்கார வச்சிருக்கீங்களா?”

“உக்காரலைங்க. ரெண்டாவது பீஸ் அடிக்கிறா. மூணாவதும் அடிப்பா.”

“எதுக்குங்க? அவளுக்குத்தான் வந்துடுச்சே.”

“ரொம்ப நல்லா வருங்க” என்றார். அந்தப் பெண் இரண்டு வாரத்தில் வேறு பயிற்சிக்குப் போய்விட்டாள். முதல் ஆளை இழப்பதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அது சரியா என்று இன்றும் எனக்கு முடிவாகச் சொல்லத் தெரியாது.

தொண்ணூற்றாறுக்கு வருகிறேன். நானூறில் தொண்ணூற்றாறைக் கொடுத்தால் மற்றவற்றுக்கு இடமில்லை. தலைவர் நாற்பது என்றார். மேடம் கையெழுத்துப் போட மறுத்தார். இரண்டு கூட்டம் அப்படியே போனது. ஒருவர் கையெழுத்து இல்லாவிட்டாலும் புத்தகம் அச்சுக்குப் போகாது. எங்கள் அலுவலகத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

வழி கண்டுபிடித்தவள் நான். படிவத்தின் வலது ஓரத்தில் ‘சுயபயிற்சி’ என்று ஒரு கட்டம் இருந்தது. யாரும் அதை நிரப்பியதில்லை. அதில் போடும் எண் கூட்டுத்தொகையில் சேராது. நாற்பதை இங்கே போட்டு, ஐம்பத்தாறை அங்கே போட்டேன். தொண்ணூற்றாறும் காகிதத்தில் இருந்தது, மொத்தமும் நானூறாகவே இருந்தது. தலைவர் என் தோளைத் தட்டி, “இன்ஜினியருன்னா இதுதாம்மா” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுத வேண்டும்.

அன்று மாலை பஸ்ஸில் அவர் கேட்டார்.

“அந்த அம்பத்தாறு மணியும் கதவு திறந்திருக்குமா?”

“அடிக்குறிப்பு போட்டுடறேன் மேடம். ஒர்க்‌ஷாப் திறந்திருக்கணும், இன்ஸ்ட்ரக்டர் இருக்கணும்னு.”

“வீட்ல உக்காந்து வெல்டிங் பழக முடியாது, அதான் கேக்கறேன். புத்தகத்துலயும் அது வரும்ல?”

“வரும் மேடம்.”

மறுநாள் வரைவின் நகல் ஒன்றைக் கொடுத்தேன். அடிக்குறிப்பை விரலால் தொட்டபடி இரண்டுமுறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மேலே ஐந்தாவது வரியில், அடிக்குறிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறேன். அதை நீக்கியவள் நான். அச்சுக்கான படிவத்தில் ஒரு பயிற்சிக்கு ஒரு பக்கம்தான். அடிக்குறிப்பு இருந்தால் அட்டவணை அடுத்த பக்கத்துக்கு வழிந்தது, கோப்பு திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டது. அடுத்து வரவிருந்த பயிற்றுநர் கையேட்டில் அதைச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்காக ஒரு பட்டியலில் குறித்தும் வைத்தேன். பயிற்றுநர் கையேடு வரவேயில்லை. அந்தப் பட்டியல் இன்னும் என் கணினியில் இருக்கிறது. பதினேழாவது வரி.

அவரிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நினைக்கவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த முறைகள் வந்துபோயின.

புத்தகங்கள் அச்சாகி வந்து, பயிற்சி நிலையத்து முதல்வர் அறை அலமாரிக்குள் போய்விட்டன. மேடம் கையில் இருந்தது நான் கொடுத்த வரைவின் நகல்தான். புதிய பாடத்திட்டத்தின் முதல் அணியில் இருபது பெண்கள். பட்டறை நாலரைக்கு மூடும். லால்குடி, மண்ணச்சநல்லூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு ஐந்து மணிக்கு பஸ். அதனால் வாரநாட்களில் சுயபயிற்சிக்கு வழியில்லை. சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் திறந்தார். சாவி அவரிடம் இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, பயிற்சி நடப்பதைப் பார்த்துப் படிவம் நிரப்ப நான் போனேன். தலைக்கு மேலே வெல்டிங் செய்வதை அதுவரை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். தகடு மேலே பொருத்தப்பட்டிருக்கும். கீழே நின்று, கழுத்தைச் சாய்த்து, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். உருகிய இரும்பு கீழேதான் வர நினைக்கும். பொறி காலருக்குள் விழும். அப்போதும் கை அசையக்கூடாது.

“பாத்தியா, உன் குறிப்பு ஓடுது” என்றார் என்னிடம். அவருடைய மேஜையில் அந்த நகல் கிடந்தது, முனை மடங்கி, கிரீஸ் படிந்து.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். படிவத்தை நிரப்பினேன்.

அந்த அணியில் கடைசி ஆள் செல்வி. லால்குடிப் பக்கம். பத்தொன்பது வயது. கை மேலே போனதும் நடுங்கும். பயிற்சி முடிவில் ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து டெஸ்ட் வைப்பார்கள். பற்றவைத்த பட்டையை வளைத்துப் பார்ப்பார்கள். வெடிப்பு விடவில்லை என்றால் வெல்டர் வேலை. வீட்டில் அதற்குப் பிறகு ஒரு வருடம் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டோம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். வேலை கிடைக்காவிட்டால் தை மாதம் முடித்துவிடுவதாகப் பேச்சு. தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, மிஸ் என் டைமைத்தான் அட்டையில குறிச்சுக்கிறாங்க. அதை வச்சுத்தான் அடுத்த வருஷம் மணி கூட்டிக் கேப்பாங்களாம். நான் சீக்கிரம் முடிச்சுட்டேன்னா, பின்னாடி வர்ற பிள்ளைங்களுக்குக் குறைச்சுடுவாங்களா?”

“அப்படியெல்லாம் இல்ல. நீ முடிக்கிறதைப் பாரு.”

“இல்லக்கா, முடிக்கிறதுக்கும் பயமா இருக்கு, முடிக்காம இருக்கிறதுக்கும் பயமா இருக்கு.”

இதை அவரிடம் சொன்னேன். இதை மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து செல்வியின் பக்கம் திரும்பாமல், முதுகுக்குப் பின்னாலிருந்து நேரம் குறித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். குறிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஆறாவது சனிக்கிழமை வேறொரு பெண் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுத் திரும்பியபோது பக்கத்துப் பெண் ராடை உரசினாள். வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது. வெல்டிங் கற்றவர்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடப்பது. கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் எரியும், இரண்டு நாளில் சரியாகிவிடும். அவளுக்கும் சரியானது. ஆனால் வீட்டில் பயந்து புகார் எழுதிவிட்டார்கள். விடுமுறை நாளில் எந்த விதியின்படி பட்டறையைத் திறந்தீர்கள் என்று அவரிடம் கேட்டார்கள்.

பாடத்திட்டத்தின்படி என்று சொன்னார். பக்க எண்ணையும் சொன்னார். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். அட்டவணை மட்டும் இருந்தது. அவர் தன்னிடமிருந்த நகலைக் காட்டியிருக்கிறார். வரைவை யார் வேண்டுமானாலும் டைப் அடித்துக்கொண்டு வரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

விசாரணை அதிகாரி என் அலுவலகத்துக்கு போன் செய்தார். இணைப்பு எனக்கு வந்தது.

“சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பைத் திறக்கச் சொல்லி நீங்க குறிப்பு ஏதாவது போட்டிருந்தீங்களாம்மா? அந்த மேடம் அப்படிச் சொல்றாங்க.”

தலைவர் அப்போது என் எதிரில் உட்கார்ந்திருந்தார். யார் என்று கையால் கேட்டார்.

“அச்சான பிரதியில அப்படி எதுவும் இல்லைங்க சார்” என்றேன்.

“அதானே. தேங்க்ஸ்மா.”

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மேடத்துக்கு இடமாற்றம் வந்தது. வேறு மாவட்டத்தில், ஒரு பயிற்சி நிலையத்தின் ஸ்டோர் பொறுப்பு. ராடு எத்தனை வந்தது, எத்தனை போனது என்று எழுத வேண்டும். வகுப்பு கிடையாது. கணவருக்குப் பொன்மலையில் ரயில்வே வேலை, பையன் பன்னிரண்டாம் வகுப்பு. அவர்களை ஸ்ரீரங்கத்திலேயே விட்டுவிட்டுத் தனியாகப் போகவேண்டியிருந்தது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்தபோது அவர் ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் அதே ஜவுளிக்கடைப் பை. பஸ் பாலத்தில் ஏறியது. காவிரியில் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

“டோட்டல் சரியா வந்துச்சா?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. ஒரு பயிற்சியை முடித்துவிட்டு வந்தவளிடம் கேட்பதுபோல் கேட்டார்.

“வந்துச்சு மேடம்.”

“சரி.”

பையை என் மடியில் வைத்தார். “செல்வியோட அட்டையும் இதுல இருக்கு. நாப்பது மணி கிளாஸ், பதினெட்டு மணி சனிக்கிழமை. அம்பத்தெட்டு வரைக்கும்தான் குறிச்சிருக்கேன். இன்னும் வரல அவளுக்கு. மீட்டிங்ல காட்டு.”

ஸ்ரீரங்கம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவரும் இறங்கினார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பை கனமாக இல்லை, அட்டைதான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி வண்டியைத் திருப்பச் சொன்னார்.

அவர் கீழே நின்றிருந்தார். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில், கை கம்பியில்.

“இருங்க. இன்னும் ஒரு ஆள் இருக்காங்க” என்றார் கண்டக்டரிடம்.

நான் இறங்கும்வரை நின்றார். பிறகு காலை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், ராஜகோபுரம் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

செல்விக்கு டெஸ்ட் நடந்தது. பட்டையை வளைத்தபோது நடுவில் வெடிப்பு விட்டது. தையில் கல்யாணம் ஆயிற்று. கல்யாணத்துக்கு முன்பு சில மாதங்கள் தெப்பக்குளம் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றாள். ஒருமுறை அங்கே பார்த்தேன். மேல் தட்டிலிருந்து புடவைகளை எட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். “மிஸ் எப்படி இருக்காங்கக்கா?” என்று கேட்டாள். நல்லா இருக்காங்க என்றேன். எனக்குத் தெரியாது.

திருத்தக் கூட்டத்தில் அட்டைகளை மேஜையில் வைத்தேன். தலைவர் செல்வியின் அட்டையை எடுத்துப் பார்த்தார். “யாரு குறிச்சது, அந்த மேடமா? அவங்க மேல விசாரணையெல்லாம் ஆயிருக்கேம்மா. உள்ள வை” என்றார். உள்ளே வைத்தேன். விசாரணையைப் பற்றி அப்போதாவது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மணி பன்னிரண்டே முக்கால் ஆகியிருந்தது.

இன்றைய நிலை இது. பாடத்திட்டம் நடைமுறையில் இருக்கிறது. புதிய பதிப்பின் குழு உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சுயபயிற்சிக் கட்டத்தை நிரப்பும் முறை மற்றவர்களுக்கும் பிடித்துவிட்டது. பிளம்பிங், வயரிங், தையல் எல்லாவற்றுக்கும் இப்போது அப்படித்தான் போடுகிறோம். அந்த நேரங்களில் பட்டறைகள் மூடியிருக்கின்றன. அட்டைகள் என் மேஜையின் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன. செல்விக்கு எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவளுடைய அட்டையில் ஐம்பத்தெட்டுக்குப் பிறகு எதுவும் எழுதப்படவில்லை. மொத்தம் நானூறு மணி நேரம். கூட்டல் சரியாக இருக்கிறது.